கையைத் தூக்கு

என் வீட்டுக்காரரை உடற்பயிற்சிக்கு அனுப்பும்படி டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாலிபம் முழுக்கப் பட்டாளத்தில் ஓடிய மனுஷர் அவர். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியவரை, அறுபது தாண்டிய பிறகு, மைதானத்தில் கையை ஆட்டு, காலை ஆட்டு என்றால் எப்படி? "ஓடி ஓடித்தானே டாக்டர் இப்படி ஆனாரு, மறுபடியும் ஓட்டமா?" என்று கேட்டுவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளலாம்தான். நான் அப்படிப் பிறக்கவில்லை.

அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. "மாத்திரைக்குப் பதிலா இல்லம்மா, மாத்திரையோட சேர்த்துத்தான். வாரம் வாரம் இங்க வந்து பேசறதும் நிக்கக் கூடாது. அவர் மனசு திடீர்னு அந்தக் காலத்துக்குப் போயிடுது. அப்ப ஒடம்பு இங்கதான் இருக்குன்னு அதுக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும். மூச்சு வாங்கும், வேர்க்கும், முட்டி வலிக்கும். அதெல்லாம் இன்னிக்கு நடக்கிறது. அதுதான் அந்த ஆள்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கே போனாலும் கதவு தெரிகிற நாற்காலியில்தான் உட்காருவார்.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். நான் தைப்பேன், அவர் அழுக்காக்குவார் என்று கல்யாணமான புதிதில் எல்லோரும் கேலி செய்வார்கள். கடல் தாண்டி, தமிழ் பேசுகிற ஊர் ஒன்றுக்கு அவரைச் சண்டைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து திரும்பி வந்த கையோடு எங்களுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார் என்று என் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். பேசாத புருஷன் கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். அப்போதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. அந்த வேலையும் நின்று, பட்டாபிராமில் நாங்கள் கட்டிய வீட்டில் சும்மா உட்கார்ந்த பிறகுதான் அது வெளியே வந்தது. குக்கர் விசில் அடித்தால் சுவரோரம் போய்விடுவார். நான் குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பானையில் வடிக்க ஆரம்பித்தேன். தீபாவளி என்றால் இரண்டு நாளும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் தம்பி ஒருமுறை வந்தபோது இதைச் சொன்னேன். "அண்ணன் பனங்காட்டு நரி, அண்ணி. அது இந்தச் சலசலப்புக்கெல்லாம் அஞ்சாது" என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனான். பனங்காட்டு நரியோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தானே தெரியும்.

எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பாதி, அவரால் ஏதாவது ஆகிவிடுமோ என்று மீதி. அந்த மீதிதான் ஒருநாள் நடந்தது.

மகள் அப்போது மாசமாக இருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் ஒரு மதியம் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை திருநெல்வேலிப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை, கோழிக்குக் கூடக் குரல் உயர்த்தாத பிள்ளை. சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த மாமனாரைக் காபி குடிக்க எழுப்பலாம் என்று தோளைத் தொட்டிருக்கிறார். நான் டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை தரையில் கிடந்தார். இவர் முழங்கை அவர் கழுத்தின் மேல் இருந்தது. இவர் கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் எங்கள் வீடு இல்லை. நான் கத்திய கத்தலில்தான் கையை எடுத்தார். எடுத்துவிட்டுத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை, "ஒண்ணுமில்ல அத்தை, ஒண்ணுமில்ல" என்று இருமிக்கொண்டே சொன்னார். மகள் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "அம்மா, கொழந்த பொறந்தா அதைத் தூக்கிக்கினு இந்த ஊட்டுக்கு நான் வரமாட்டேன். அப்பா மேல கோவம் இல்ல. பயம். தப்பா நெனைக்காத" என்றாள். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். என்ன, இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

குழந்தை பிறந்தது. பெண். மகளின் ஃபிளாட் கரையான்சாவடியில் இருக்கிறது, ஆட்டோ பிடித்தால் எட்டிவிடுகிற தூரம். நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவருக்கு நான் போனில் படம் காட்டினால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். "மூக்கு யாருது?" என்று ஒருமுறை கேட்டார். குத்தம்பாக்கத்தில் வருஷக்கணக்காகக் கட்டுகிற பஸ் நிலையம் கூட முடிந்துவிடும், எங்கள் மகள் குழந்தையோடு எங்கள் படியேற மாட்டாள் என்று நான் சண்டை போட்டேன். யாரோடு என்றுதான் தெரியவில்லை. டாக்டரிடம் போனது அதற்குப் பிறகுதான். அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேறு எந்த வைத்தியமும் எனக்கு வேண்டாம்.

பட்டாபிராமில் ராணுவத்துக்குச் சரக்கு ரயில் வந்து நிற்கிற தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே காலையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள். நடத்துகிறவர் ஒரு சுபேதார், அவரும் ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். பட்டாள வழக்கப்படி அவரை 'சாப்' என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு வாயில் வராமல் 'சாப்பாடு' என்று ஒருநாள் உளறிவிட்டேன், அவரே சிரித்துவிட்டார். டாக்டர் அவரிடம் பேசிவைத்திருந்தார். எனக்கும் முட்டி வலி என்பதால் நானும் கூடப் போய் மைதானத்தைச் சுற்றி நடப்பேன். சாக்கு அதுதான். உண்மையில் அவரைக் கண்ணில் வைத்துக்கொள்ளத்தான் போனேன்.

அங்கே எல்லாம் இந்தியில்தான். பட்டாளத்தில் அணிவகுப்புக்கு இந்தியில்தான் கட்டளை, அதே பழக்கம். 'சாவ்தான்' என்றால் விறைப்பாக நிற்க வேண்டும், 'விஷ்ராம்' என்றால் தளர வேண்டும், 'ஹாத் ஊப்பர்' என்றால் கை மேலே போக வேண்டும். முதல் நாள் சாப் 'சாவ்தான்' என்று குரல் கொடுத்ததும் என் வீட்டுக்காரர் குதிகால் இரண்டும் சேர்ந்து நின்ற வேகத்தைப் பார்த்து எனக்கே திக்கென்றது. வீட்டில், தண்ணீர் எடுங்கள் என்று நாலு தரம் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிற மனுஷர்! அந்தச் சொல் அவர் காதுக்குப் போகவே இல்லை, நேராகக் காலுக்குப் போய்விட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். வேர்த்து நனைந்து வீட்டுக்கு வந்து பழைய சோறு கேட்டார். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினார். தூக்கத்தில் கத்துவது குறைந்தது. அந்தச் சரக்கு ரயில்தான் ஒரு தொல்லை. பெட்டியோடு பெட்டியைக் கோர்க்கும்போது டமார் என்று சத்தம் வரும். அதற்கும் சாப் ஒரு வழி வைத்திருந்தார். எஞ்சின் பின்னால் வருவதைப் பார்த்ததும், "கோக்குறான்பா" என்று முன்கூட்டியே குரல் கொடுப்பார். எல்லோரும் குனிந்து தங்கள் முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள். சத்தம் வந்து போகும். நிமிர்வார்கள். அவரைப் போலவே அங்கே இன்னும் சிலர் இருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் எப்போதும் கடைசி வரிசையில், மதில் சுவரோரம்தான் நிற்பார். முன்னால் வா என்றால் வரமாட்டார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், முன்னால் எல்லோருடைய முதுகும் தெரிய வேண்டும். பயிற்சி முடிந்ததும் மைதானத்தின் கேட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். பூட்டு இருக்கிறதா என்று பார்க்கிறாரா, ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறாரா, தெரியாது. நல்லது நடக்கும்போது குறை சொல்லக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். எனக்கு அது அதிகப்படியான பொறுமை.

ஒருநாள் மகள் சொல்லாமல் வந்து மைதானத்துக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே யாரோ தப்பாகத் திரும்பி இடித்துக்கொள்ள, இவர் சிரித்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா சிரிக்கிறாரும்மா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "வெயில் காலம் வரட்டும், கொழந்தைக்கும் சளி போயிடும். ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வர்றோம்" என்றாள். அன்றைக்கு நான் வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். வரப்போவது எப்போதோ, கழுவியது அன்றைக்கே.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அடுத்து நடந்தது அதுதான்.

மைதானத்துக்குப் பின்னால் புது ஃபிளாட்டுகள் வந்திருந்தன. அங்கிருந்து சிலர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். நல்ல மனுஷர்கள். அதில் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஒரு வாரம் வந்தார், இந்தக் கட்டளைகளைக் கேட்டார், பொறுக்க முடியவில்லை. "ஐயா, எல்லாம் பிரமாதம். ஆனா தமிழ்நாட்டுல நின்னுக்கிட்டு நாம எதுக்கு இந்தியில கையைத் தூக்கணும்? தமிழ்ல சொன்னா கை மேல போகாதா?" என்றார். ஃபிளாட்காரர்கள் கை தட்டினார்கள். பட்டாளத்துக்காரர்களும் தட்டினார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கை தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவார்கள்?

சாப் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அட, அதுக்கின்னா சார், தமிழ்லயே சொல்லிட்டா போச்சு. எனக்கும் அதான் வாய்க்கு வசதி" என்றார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாராம், பேத்தி சிரித்தாளாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆனால் அந்த ஆண்டியையும் குறை சொல்ல முடியாது. சங்குக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை நான் நடந்துகொண்டிருந்தேன். "நேராக நில்" என்று சாப் கம்பீரமாக ஆரம்பித்தார். எல்லோரும் நின்றார்கள். "இயல்பாக நில்." தளர்ந்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். பிறகு சாப் நன்றாக மூச்சை இழுத்து, "கையைத் தூக்கு!" என்றார்.

எல்லாக் கைகளும் மேலே போயின. ஃபிளாட்காரர்கள், பட்டாளத்துக்காரர்கள், எல்லோரும் கையைத் தூக்கி நின்றார்கள். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் மட்டும் கையைத் தூக்கவில்லை. தன் முன்னால் வரிசையாகக் கை தூக்கி நின்ற முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது. பிறகு, நான் அவரிடம் கேட்டே இராத ஒரு குரலில், கெஞ்சுகிற மாதிரி, இளவயசுக் குரலில், சொன்னார்: "பயப்படாதீங்க. ஒண்ணும் பண்ண மாட்டோம். வாங்க."

வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நாலைந்து பேர் சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் கையைத் தூக்கியபடியே திரும்பி, "வந்துட்டோம் சார்!" என்றார். இவர் அவரைப் பார்த்துப் பின்னால் போய் மதிலில் முட்டி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார். சாப் ஓடி வந்தார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. சிரிப்பு நின்றது. தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் சிலர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவராகவே பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஊரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அது ஒருமுறைதான்.

"அங்க எங்க ஆளுங்கள்ல தமிழ் பேசறவன் நான் ஒருத்தன்தான். அதனால என்னைத்தான் முன்னால தள்ளுவாங்க. ஊட்டு வாசல்ல நின்னுகினு நான் சொல்லணும், கையைத் தூக்கிக்கினு வெளிய வாங்க, ஒண்ணும் பண்ண மாட்டோம்னு. இந்தியில சொன்னா எவன் வருவான்? நம்ம பாஷையாச்சேன்னு நம்பி வருவாங்க."

நான் கீரையை வைத்துவிட்டேன்.

"ஒருநாள் அப்படித்தான் ஒரு ஆளு வந்தான். என் வயசு இருக்கும். கையைத் தூக்கிக்கினு என்னையே பாத்துக்கினு வந்தான். எங்கேருந்து சுட்டாங்கன்னு தெரியல. எந்தப் பக்கம்னு இன்னிக்கி வரிக்கும் தெரியல. உழுந்தான். உழும்போதும் என்னையேதான் பாத்தான். நீதானே கூப்ட்ட, அப்டீன்ற மாதிரி."

"நீங்களா சுட்டீங்க? நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லித் தேற்றலாம் என்று வாய் வரை வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. இது இருட்டில் பார்த்த பேய் இல்லை, பகலில் பார்த்த ஆள்.

"இத்தினி நாளு அவரும் 'ஹாத் ஊப்பர்'தானே சொன்னாரு, அப்பல்லாம் ஒண்ணும் ஆவலியே" என்று கேட்டேன்.

"இந்தியில சொன்னா எனக்குச் சொல்றாங்க. தமிழ்ல சொன்னா, நான் சொல்றேன்" என்றார். பிறகு எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என்னோடு அவர் பேசியது எல்லாம் தமிழ்தான். மகளைக் கொஞ்சியது தமிழில்தான். அந்த மொழியையே உள்ளே இப்படி ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் உப்பு இருக்கிறதா, காரம் போதுமா என்று என்னிடம் பேசினார்? பேசாத புருஷன் என்று நான் சந்தோஷப்பட்டேனே, அது எனக்கு அப்போது சகிக்கவில்லை.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். பயிற்சியை விட்டுவிட வேண்டாம் என்றார். இத்தனை நாள் உடம்பு சம்பாதித்தது எங்கேயும் போகாது, நடக்கட்டும், குனியட்டும், அந்தக் கை தூக்குவது ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் செய்யட்டும், வற்புறுத்தாதீர்கள் என்றார். இவ்வளவு காலம் கழித்து அவர் வாய் திறந்ததே பெரிய விஷயம் என்றும் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மூடி கழன்ற பாத்திரம் மாதிரிதான் பட்டது. சாப் வீட்டுக்கு வந்து, "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. நானும் யூனிஃபாரம் போட்டவன்தானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டளைகள் மறுபடி இந்திக்குப் போயின. கணக்கு வாத்தியார் முதல் ஆளாக 'சாவ்தானு'க்கு விறைப்பாக நின்றார். அவரை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் மைதானத்துக்குத் திரும்பினார். நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். 'ஹாத் ஊப்பர்' வரும்போது மட்டும் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பார். இப்போது அவருக்கு இந்தியிலும் அதன் அர்த்தம் தெரிந்துவிட்டது. எந்த மொழியில் சொன்னாலும் அந்த ஆள் வந்துவிடுவான் போலிருந்தது.

மகள் நாள் குறித்துச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. மறைத்துவிடலாமா என்று ஒரு பொழுது முழுக்க யோசித்தேன். மறைத்துக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் உயிரோடு இருக்க முடியாது. போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், கடைசி வார்த்தை வரைக்கும். மகள் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். பிறகு மாப்பிள்ளை குரல் வந்தது. "வர்றோம் அத்தை. பகல்ல வந்துட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பிருதோம். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வந்தார்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். "தாத்தா பாரு, தாத்தா" என்றாள். அவர் எட்டியிருந்தே பார்த்தார். "மூக்கு ஒன்னுதுதான்" என்றார் மகளிடம். அவள் சிரித்தாள். மாப்பிள்ளை சுவரோரம் நின்றார், உட்காரவில்லை. நான் கேசரி எடுத்து வந்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நடக்கப் பழகிய குழந்தையை எவ்வளவு நேரம் இடுப்பில் வைத்திருக்க முடியும்? அது நெளிந்து வழுக்கிக் கீழே இறங்கியது. தத்தித் தத்தி நேராக அவரிடம் போனது. அவர் முன்னால் நின்று, எல்லாக் குழந்தைகளும் செய்கிற மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்து, "தூக்கு" என்றது.

மகள் அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை ஓரடி எடுத்து வைத்தார். இதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை. எத்தனையோ யோசித்தோம், சத்தம் போடக் கூடாது, தொடக் கூடாது, பின்னால் போய் நிற்கக் கூடாது என்று. தூக்கு என்று கேட்காத குழந்தை உலகத்தில் உண்டா?

அவர் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கித் தரையில் மண்டி போட்டார். அந்தக் குரல் வந்தது. "பயப்படாத. ஒண்ணும் பண்ண மாட்டோம். வா." குழந்தை போனது. அதற்கு என்ன தெரியும்? அதை வாரி மார்போடு அணைத்து, சட்டென்று திரும்பி, தெருவைப் பார்த்துத் திறந்திருந்த கதவுக்குத் தன் முதுகைக் கொடுத்து, குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டார். குழந்தையின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவர் முதுகில் வெள்ளைச் சட்டை ஈரமாகிக்கொண்டே வந்தது.

"அப்பா, குடுங்கப்பா" என்றாள் மகள்.

"இப்ப வேணாம். வெளிய நிக்கிறாங்க" என்றார்.

மகள் வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது. "யாரும் இல்லப்பா. நல்லா பாத்துட்டேன். ஒருத்தரும் இல்ல."

"அப்பவும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

குழந்தை உள்ளே முனக ஆரம்பித்தது. பிடுங்கவும் முடியாது, விடவும் முடியாது. அப்போது மாப்பிள்ளை, தன் கழுத்தை நெரித்துத் தரையில் கிடத்திய அதே மாமனாரைச் சுற்றிக்கொண்டு, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து, எட்டவே உட்கார்ந்தார். "மாமா, நான் போயி வாசல்ல நிக்கேன். யாரு வந்தாலும் உள்ள விடமாட்டேன். நீங்க பிள்ளைய அத்தை கையில குடுங்க" என்றார்.

அவர் தலையைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்தார். "எதுவரிக்கும் நிப்ப?"

"நீங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

மாப்பிள்ளை எழுந்து போய் வாசல் கேட்டருகே, எங்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றார். இவர் அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிடியைத் தளர்த்தி, குழந்தையை என்னிடம் நீட்டினார். வேர்த்துக் கசங்கியிருந்தது, வேறொன்றும் இல்லை. அது அவர் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மகள் அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய் விசும்பினாள்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்டில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மகளும் நானும் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினோம். வெயில் கேட்டுக்கு நேராக வந்துவிட்டது. நான் மோரில் உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனேன். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "உள்ள வாங்க மாப்ள, நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அவர் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். மறுபடி தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

"மாமா இன்னும் சொல்லலை, அத்தை" என்றார்.